கொழும்பு வெயிலில் பூசணிக் கொடி: வெக்கையும் பூச்சியும் தாங்கவைக்கும் முழுமையான வழிகாட்டி

பங்குனி மாதத்துப் பகல் ஒரு மணி. மதிலோரம் படர்ந்திருக்கும் பூசணியின் இலைகளெல்லாம் மடக்கிய குடைபோலத் தொங்குகின்றன. பார்த்தவருக்குப் பதற்றம். வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறார். அடுத்த நாளும் அதே நேரம் வாடுகிறது, இன்னொரு வாளி. கொஞ்ச நாளில் அடித்தண்டு அழுகிக் கொடி சாய்கிறது. “கொழும்பு வெயிலுக்குப் பூசணி சரிவராது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வெள்ளவத்தை, தெகிவளை, வத்தளைப் பக்கத்து நண்பர்களின் வளவுகளிலும் என் வளவிலும் இதையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். கொழும்பில் பூசணி நன்றாகவே வரும். வேலைகளின் வரிசைதான் பிசகக்கூடாது. வெயில் ஏறுமுன் வேர் ஆழம் போயிருக்கவேண்டும். வண்டு வருமுன் வலை விழுந்திருக்கவேண்டும். ஈ வருமுன் பிஞ்சு பைக்குள் போயிருக்கவேண்டும். மருந்துப் போத்தலுக்கு இடம் கடைசியில். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் தோற்கிறார்கள். ஆகவே கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. விதை போடுமுன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு குழிக்குப் பத்துப் பன்னிரண்டு பொச்சுமட்டை, இரண்டு கூடை நன்றாக மக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு, ஒரு சாக்கு காய்ந்த இலை, இரண்டு கிடுகு அல்லது பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை, இரண்டு மீட்டர் நுளம்பு வலைத் துணி. இவற்றோடு பழைய பருத்திச் சேலை ஒன்று, வேப்பெண்ணெய் ஒரு சிறு போத்தல், கையுறை ஒரு சோடி.

வலையையும் சேலையையும் முதலிலேயே எடுத்துவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முளைத்த பூசணிக் கன்றில் வண்டு உட்கார்ந்தால், முதலில் விரியும் இரண்டு வித்திலையும் ஒரே நாளில் சல்லடையாகிவிடும். ஓட்டையைக் கண்டபிறகு புறக்கோட்டைக்குப் போய் வலை வாங்கிவந்து கட்டும்போது உள்ளே காப்பாற்ற எதுவும் மிஞ்சியிராது.

விதையைப் பொறுத்தவரை, விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் ஏ.என்.கே. ருகுணு போன்ற இனம் கிடைத்தால் நல்லது. சமையலுக்கு வாங்கிய காயின் விதையும் முளைக்கும். ஆனால் அந்தக் காய் கலப்பின விதையில் வந்திருந்தால் உங்கள் கொடியில் அதே காய் வராது.

2. காலத்தைச் சரியாகப் பிடியுங்கள்

தைப்பொங்கலுக்கு முந்திய இரண்டு வாரத்துக்குள் விதை மண்ணுக்குள் போய்விடவேண்டும். வெயிலுக்கு எதிரான முதல் பாதுகாப்பு இதுதான். ஒரு சதம் செலவில்லாததும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஜனவரி தொடக்கத்தில் போட்ட விதை பெப்ரவரி நடுப்பகுதியில் ஆண் பூ காட்டும். மாதக் கடைசியில் பெண் பூ வரும். பிடித்த பிஞ்சு முற்ற ஏறக்குறைய 45 நாள் என்றால், சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பின்னாகக் காய் கையில் இருக்கும். ஏப்ரல் வெக்கை வரும்போது கொடி தன் இலையாலேயே தன் அடிமண்ணை மூடி வைத்திருக்கும். மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் எல்லாம் முடிந்துவிடும்.

மாசி பிந்தி விதைத்தவர்களின் கதை வேறு. இளங்கன்று நேரடியாகப் பங்குனி வெயிலில் நிற்கிறது. பூக்கும் நேரம் சித்திரையின் பின்னேர இடிமழையும் அதன் பின்னே பருவமழையும் வந்து பூவை நனைத்து அழுகவைக்கின்றன. பிந்திவிட்டால் நேரடியாகக் குழியில் போடாமல், பத்திரிகைத் தாளில் சுருட்டிய கிண்ணத்தில் விதைத்து நிழலில் வளருங்கள். வித்திலைக்குப் பிறகு வரும் உண்மையிலை இரண்டு வந்ததும் ஒரு பின்னேரம் தாளோடேயே நடுங்கள். பூசணி வேரைக் குலைத்தால் அது நெடுநாள் முகம் சுளித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் தாளைப் பிரிக்கவேண்டாம் என்கிறேன்.

3. குழி: தண்ணீரை மண்ணுக்குள் சேமித்து வைக்கும் இடம்

விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாக இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். மதிலில் இருந்து மூன்றடியாவது தள்ளி வெட்டவேண்டும். சீமெந்து மதில் பகல் முழுதும் குடித்த சூட்டை இரவில்தான் கக்கும். அதன் அடியிலே நிற்கும் கொடிக்கு இரவிலும் ஓய்வில்லை. அதோடு மதிலின் அத்திவாரத்தோரம் கட்டடக் கழிவும் சுண்ணாம்பும் புதைந்து கிடப்பது கொழும்பு வளவுகளில் வழக்கம்.

பொச்சுமட்டைகளை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, குழியின் அடியில் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். தென்னந்தோட்டங்களில் கோடைக்காக மட்டை புதைப்பதும் இப்படித்தான். மட்டை தண்ணீரைப் பிடித்துவைத்து, மேல்மண் காய்ந்த பிறகும் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அதன்மேல் மண்ணும் எருவும் சரிபாதியாகக் கலந்து நிரப்பி, தரையை விட நாலு விரல் உயரமாகக் குவியுங்கள். கொழும்பில் கோடையிலும் ஒரு மணிநேரத்தில் வெள்ளம்போலக் கொட்டும் மழை உண்டு. குழி பள்ளமாக இருந்தால் தண்டு தண்ணீரில் நிற்கும்.

இரண்டு வாரம் விடச் சொல்வது எரு ஆறுவதற்காக. மக்காத மாட்டெரு மண்ணுக்குள் சூடேறி இளவேரை வேகவைத்துவிடும்.

மண் தரை இல்லாதவர்கள் 50 கிலோ உரப்பையில் வளர்க்கலாம். சின்ன வாளியில் வேண்டாம். வாளியின் பக்கச் சுவர் வெயிலில் சுட்டு, ஓரத்து வேர்களைக் கருக்கிவிடும். உரப்பையைச் செங்கல்மேல் தூக்கிவைத்து, வெளியே இன்னொரு வெள்ளைச் சாக்கைச் சுற்றுங்கள். அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தாலும் அது பிரச்சினை. அதைவிட, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

4. முளைத்த நாளில் இருந்து மூன்று வாரம் வலைக்குள்

குழிக்கு நாலு விதையைச் சாய்த்து, ஒரு விரல்கணு ஆழத்தில் போடுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். முளை தெரிந்த அன்றே நாலு குச்சியை ஊன்றி நுளம்பு வலையைக் கூடாரம்போலப் போர்த்து, விளிம்பை மண்ணால் மூடுங்கள்.

இந்தக் கட்டத்தில் எதிரி சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறப் பூசணி வண்டு. நெல்மணியை விடச் சற்றுத் தடித்திருக்கும். கிட்டப் போனால் சட்டென்று பறக்கும். வண்டு இலையைத் தின்பது கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேடு மண்ணுக்குள் நடக்கிறது. அது தண்டடி ஈரமண்ணில் முட்டையிட, புழு வேரைத் தின்கிறது. வலையின் விளிம்பை மண்ணால் மூடச் சொல்வது இதற்காகத்தான். சும்மா மேலே போர்த்திவிட்டுக் கீழே திறந்து வைப்பவர்கள், உள்ளே புகுந்த வண்டுக்கு நிழலான வீடு கட்டிக்கொடுக்கிறார்கள்.

வலை இல்லாவிட்டால் விடியற்காலை ஆறு மணிக்குப் போங்கள். அந்தக் குளிரில் வண்டு சோம்பிக் கிடக்கும். கையால் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடலாம். பத்து மணிக்குப் போனால் ஒன்றும் அகப்படாது. விறகுச் சாம்பலைப் பனி ஈரத்தில் மெல்லத் தூவுவதும் உதவும். விறகுப் போறணை வைத்திருக்கும் பேக்கரிகளில் கேட்டால் சாம்பல் தருவார்கள். இலை வெள்ளையாகும் அளவுக்குக் கொட்டாதீர்கள். அது இலையை எரிக்கும், மழையோடு இறங்கி மண்ணையும் கெடுக்கும்.

நாலைந்து உண்மையிலை வந்ததும் நல்ல இரண்டு கன்றை விட்டு மற்றவற்றை அடியோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் கிளம்பும். கொடி வலையை முட்டும்போது வலையை எடுத்துவிடலாம். பெரிய கொடிக்கு வண்டு தின்னும் நாலு இலை பெரிய இழப்பில்லை.

5. மூடாக்கு, கூடவே நத்தை

வலை எடுத்த அன்றே மூடாக்கு. காய்ந்த பலா, ஈரப்பலா இலைகள், தென்னோலைத் துண்டு, தும்புத்தூள், எது கிடைத்தாலும் மூன்று விரல் தடிப்பில் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். தண்டைத் தொடும் ஈர இலை அழுகலைக் கொண்டுவரும்.

மண் காய்ந்திருக்கும்போது மூடாக்குப் போட்டால் வறட்சியைத்தான் மூடிவைக்கிறீர்கள். முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டு, மண் குடித்தபிறகு போடுங்கள்.

மூடாக்கின் குளிர்ச்சிக்கு ஆபிரிக்கப் பெருநத்தையும் வரும். ஒரு மழை பெய்தால் அன்றிரவே ஊர்ந்துவந்து இளந்தளிரை வழித்துவிட்டுப் போகும். இரவு எட்டு மணிக்கு மேல் டோர்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடவேண்டாம், மனிதருக்கு நோய் தரும் புழுக்கள் அதில் இருக்கக்கூடும். கையுறையோ பொலித்தீன் பையோ போதும். நத்தைமேலும் கொடியடியிலும் உப்பைத் தூவுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த உப்பு மண்ணில் இறங்கிப் பூசணி வேரைத்தான் கொல்லும்.

6. தண்ணீர்: எப்போது, எவ்வளவு, எங்கே

கொடிகள் அதிகம் சாவது இந்தப் படியில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பூசணியின் இலை அகலம். உச்சி வெயிலில் அது விடும் ஆவியின் வேகத்துக்கு வேரால் தண்ணீர் ஏற்ற முடிவதில்லை, மண்ணில் ஈரம் இருந்தாலும்கூட. அதனால் இலையைத் தொங்கவிட்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அது செடி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழி. ஈரமண்ணில் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேர் தண்ணீர் ஏற்றாது. இலை இன்னும் வாடும். பார்த்தவர் இன்னும் ஊற்றுவார்.

வெள்ளவத்தையில் ஓர் அன்ரி வீட்டில் ஒருநாள் பகல் ஒன்றரை மணிக்கு அழைப்பு. “உயிர் போற மாதிரிக் கிடக்குது தம்பி, எப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறது?” என்றார். மூடாக்கை விலக்கி இரண்டு விரல்கணு ஆழத்துக்கு விரலைவிட்டுப் பார்த்தேன். மண் குளிர்ந்து, விரலில் ஒட்டியது. “அன்ரி, இப்ப ஒரு சொட்டும் ஊத்தாதேங்கோ. ஆறு மணிக்கு வந்து பாப்பம்” என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். நாலரைக்கு நுனித்தளிர் நிமிர்ந்தது. ஐந்தே முக்காலுக்கு ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டில் இருந்து எழும்பி, இலை தட்டுப்போல விரிந்து நின்றது. அதன்பிறகு அவர் பகலில் வாளி தூக்கவில்லை.

ஆகவே சோதனை நேரம் காலை. ஏழு மணிக்கும் இலை தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போதும் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. ஈரமாக இருந்தும் வாடினால் வேரழுகலோ வேர்ப்புழுவோ. அதற்குத் தண்ணீர் மருந்தில்லை.

தண்ணீர் விடும் நேரம் காலை ஐந்தரையில் இருந்து ஏழுக்குள். மண்ணில் நிற்கும் பூக்கும் கொடிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வாளி, அதாவது சுமார் 10 லீட்டர். உரப்பைக் கொடிக்குத் தினமும் ஐந்தாறு லீட்டர். மழை நாளில் விரலைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக விடுவது வேரைக் கீழே இழுக்கும். மேல்மண்ணிலேயே சுற்றும் வேர்தான் முதலில் வெந்துபோகிறது.

இலையில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். பின்னேரத்தில் நனைந்த இலை இரவு முழுதும் காயாமல் பூஞ்சணத்தை வளர்க்கும்.

கொழும்பு வீடுகளுக்கே உரிய இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, கூரைமேல் தாங்கியின் தண்ணீர். பகலில் அது கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயில் நிற்கும் தண்ணீரும் அப்படியே. முதலில் வாளியில் பிடித்து ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள். மற்றது, கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள். கோடை நீளும்போது சில கிணறுகளின் தண்ணீர் உவர்த்துப்போகும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் இலையோரம் கருகத் தொடங்கும். அந்தக் காலத்தில் அரிசி கழுவிய தண்ணீரையும் ஏசியில் இருந்து வடியும் தண்ணீரையும் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

7. கணுவுக்கு மண் அணையுங்கள்

நுனி மூன்று நாலு அடி ஓடியதும், மண்ணைத் தொடும் கணுக்களில் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஒரு கைப்பிடி எருமண் போட்டு மூடுங்கள். ஒவ்வொரு கணுவிலும் புதுவேர் இறங்கும். ஒரே அடித்தண்டை நம்பியிருந்த கொடிக்கு ஐந்தாறு வாய் கிடைத்ததுபோல ஆகிவிடும். அடிவேரில் பழுது வந்தாலும் கொடி தப்பும்.

கொடி சீமெந்துத் தரையில் ஏறுவதாக இருந்தால், வெறுங்காலால் நிற்கமுடியாத அந்தச் சூட்டில் நுனி கருகும். கீழே சாக்கை விரித்து விடுங்கள்.

8. நிழல்: சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் போடுங்கள்

ஏப்ரல் முதல் பாதியில் கொழும்பின் உச்சிக்கு நேர்மேலே சூரியன் நிற்கும். அந்த நாட்களில் நண்பகலில் மதிலுக்கு நிழலே விழாது. “மதிலோரம் நட்டிருக்கிறேன், நிழல் கிடைக்கும்” என்று நம்பியிருந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். பக்கவாட்டில் தட்டி கட்டிப் பயனில்லை. தலைக்குமேல் கிடையாகப் போடவேண்டும்.

ஆறடி உயரத்தில் நாலு கம்பு நட்டு, கிடுகை இடைவெளி விட்டு வேயுங்கள், அல்லது நிழல்வலையைக் கட்டுங்கள். பதினொன்றில் இருந்து மூன்றரை வரையான வெயிலை மட்டும் மறைத்தால் போதும். காலை வெயில் முழுதாகப் படவேண்டும். பூசணிக்கு நாளுக்கு ஆறு மணிநேர வெளிச்சம் இல்லாவிட்டால் இலை மட்டும்தான் வரும். இலையைத் தொடும்படி தாழக் கட்டினால் காற்றோட்டம் நின்று, நிழலுக்குள்ளேயே புழுங்கும்.

கொடி முழுவதையும் மறைக்கத் துணி போதாவிட்டால் அடித்தண்டுப் பகுதியையும் பிஞ்சு இருக்கும் இடத்தையும் மறையுங்கள்.

9. பூவைக் காலையிலேயே கவனியுங்கள்

முதல் ஒன்றிரண்டு வாரம் வருவதெல்லாம் ஆண் பூ. உதிர்ந்தாலும் பயப்படவேண்டாம். நீண்ட மெல்லிய காம்பு ஆண் பூவுக்கு. பூவின் அடியில் சின்ன உருண்டைப் பிஞ்சு இருந்தால் பெண் பூ.

வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் விரைவில் வலுவிழக்கும். பங்குனி, சித்திரையில் கொழும்பில் இரவும் பெரிதாகக் குளிர்வதில்லை. அதனால் ஆண் பூ கூடி, பெண் பூ குறைந்து, வந்த பிஞ்சும் மஞ்சளாகி உதிரும். இதைக் கண்டதும் யூரியா போடுகிறவர்கள் உண்டு. அது இலையைத்தான் கொழுக்கவைக்கும், மென்மையான இலைக்குச் செடிப்பேனும் படை எடுக்கும்.

செய்யவேண்டியது கை மகரந்தச் சேர்க்கை. பூ விடியுமுன்னமே விரிந்து, வெயில் ஏறச் சுருங்கிவிடும். ஆறில் இருந்து எட்டுக்குள் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கழற்றி, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். விரலில் தொட்டால் மஞ்சள் மா ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் அந்தப் பூ பழையது. ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும்.

கோடையில் ஒரு கொடிக்கு இரண்டு காய்க்குமேல் ஆசைப்படாதீர்கள். மூன்றாவது பிஞ்சு மற்ற இரண்டின் தண்ணீரையும் பங்குபோடும்.

10. பழ ஈ: இங்கே தவறினால் எல்லா உழைப்பும் வீண்

எலுமிச்சை அளவுப் பிஞ்சு. வெளியே ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி, அதில் பிசின்போல ஒரு துளி. இரண்டு நாளில் அந்த இடம் குழிந்து மஞ்சளாகும். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும். தட்டில் வைத்தால் உடலை வளைத்துத் துள்ளும். ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால், வெளியே தெளிக்கும் எந்த மருந்தும் அந்தப் புழுவை எட்டாது.

பாதுகாப்பு பைதான். மகரந்தம் தடவி, பிஞ்சு பிடித்தது தெரிந்தவுடன், இரண்டாம் நாளே கட்டவேண்டும். பழைய பருத்திச் சேலையிலோ நுளம்பு வலையிலோ ஒரு முழ நீளப் பை தைத்து, காம்பில் தளர்வாகக் கட்டுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும். காய் தேங்காயளவாகி, நகம் பட்டாலும் தோல் எளிதில் கீறாத பருவத்தில் பையை எடுக்கலாம். ஐந்தாம் நாள் கட்டினால் பெரும்பாலும் ஈயையும் புழுவையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

பொறி வாங்குகிறவர்கள் செய்யும் பிழை ஒன்று. மாமரத்துக்கு விற்கும் மெத்தில் யூஜினோல் பொறியைப் பூசணிப் பந்தலில் தொங்கவிடுகிறார்கள். அதில் ஈ விழும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். விழுவது மாம்பழ ஈ. பூசணி, பாகல், புடோல் வகைகளைத் தாக்கும் ஈ கியூ லூர் என்ற கவர்ச்சிப் பொருளுக்குத்தான் வரும். கேட்டு வாங்குங்கள். அதுவும் ஆண் ஈயை மட்டும் இழுப்பதால், பொறி வைத்துவிட்டோம் என்று பையைக் கைவிடமுடியாது. பொறியில் தண்ணீர் விடுவதாக இருந்தால் சவர்க்காரம் கலந்து, மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். நுளம்பு விடயம் இங்கேயும் பொருந்தும்.

ஈ விழுந்த பிஞ்சைக் கூட்டெருக் குழியில் எறியவேண்டாம். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் நல்ல வெயிலில் போடுங்கள். உங்களை வாட்டுகிற வெயில் அங்கே உங்களுக்காக வேலை செய்யும். பக்கத்து வீட்டிலும் பாகல் கொடி இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். ஒரு வளவில் மட்டும் சுத்தம் பார்த்து இந்த ஈயைக் குறைக்கமுடியாது.

11. இலையில் தெரிவதை முதலில் அடையாளம் காணுங்கள், பிறகு மருந்து

இலை நரம்புகள் சந்திக்கும் இடத்தில் வெள்ளித் திட்டுகள் இருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அந்த இனத்தின் இயல்பு. மா போல விரலில் வந்தால் சாம்பல் நோய். முற்றிய இலைகளை வெட்டிக் காற்று விடுங்கள். பாலும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்பதாகக் கலந்து காலையில் தெளிக்கலாம்.

வெள்ளையாக வளைந்து ஓடும் கோடு இலைச்சுரங்கப் பூச்சி. பார்க்க அசிங்கம், கேடு குறைவு. விட்டுவிடுங்கள்.

புள்ளியுள்ள வண்டு எல்லாம் நல்ல பொறிவண்டு ஆகாது. பளபளவென்று மின்னுவது செடிப்பேனைத் தின்னும் நண்பன். மங்கலாக, மெல்லிய மயிர் போர்த்ததுபோல இருந்து, இலையின் பச்சையைச் சுரண்டி வலைபோல ஆக்குவது எதிரி. அதன் மஞ்சள் முட்டைக் கொத்து இலையின் அடியில் இருக்கும். அந்தத் துண்டைக் கிள்ளி நசுக்குங்கள்.

காய்ந்த வெயிலில் இலை ஊசிப்புள்ளியாக வெளிறினால் அடியில் சிலந்திப்பேன் இருக்கும். காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பாலும் குறையும். இதற்கு மட்டும் இலையை நனைக்கலாம், பகலில் காய்ந்துவிடும்.

இலை சுருங்கி, பச்சையும் மஞ்சளும் கலந்து நெளிந்தால் வைரஸ். மருந்து இல்லை. செடிப்பேன் ஒரு செடியில் குத்தி அடுத்த செடியில் குத்துவதற்குள் நோய் பரவிவிடும். அந்தக் கொடியைப் பிடுங்கி, கையையும் கத்தியையும் சவர்க்காரத்தில் கழுவிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மனம் கேட்காமல் வைத்திருந்து மூன்று கொடியையும் இழந்தவன் நான்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, தண்டுக்குள் துளைக்கும் புழுவைத் தேடித் தண்டை நீளமாகக் கீறுகிறவர்கள் உண்டு. அந்த அந்துப்பூச்சி அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது, இங்கே இல்லை. நல்ல தண்டைப் புண்ணாக்காதீர்கள்.

செடிப்பேனும் வெள்ளை ஈயும் கூடினால் மட்டும் வேப்பெண்ணெய். ஒரு லீட்டர் தண்ணீரில் 5 மில்லிலீட்டர் எண்ணெய், சில துளி மென்மையான திரவச் சவர்க்காரம். நேரம் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. நான் ஒருமுறை காலை ஒன்பதுக்கு அடித்தேன். எண்ணெய் பட்ட இலைகளெல்லாம் பின்னேரமே பழுப்பாக வெந்திருந்தன. பின்னேரம் அடிப்பதில் இன்னொரு நன்மை, பூ சுருங்கியிருக்கும், தேனீ வராது. முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். கடை மருந்து தேவைப்படும் நிலை வந்தால், அடிக்குமுன் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேளுங்கள்.

12. காய் முற்றும்வரை, பிறகு குழிக்கு

பை எடுத்த காயின்கீழ் பொச்சுமட்டை அல்லது பலகைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். ஈரமண்ணைத் தொடும் தோல் அழுகும், பூசணி வண்டின் புழுவும் அங்கேதான் துளைக்கும். வெயில் நேரே படும் காய்க்கு அதன் பக்கத்து இலையையே இழுத்து மூடுங்கள், அல்லது ஓலைத் துண்டு போடுங்கள். இல்லாவிட்டால் மேற்பக்கம் வெளிறி, வெந்து, குழிந்துவிடும். அணிலும் எலியும் வரும் வளவில் கம்பிவலைக் கூடை கவிழ்த்து வையுங்கள்.

காம்பு காய்ந்து தக்கைபோல ஆனதும், நாலு விரல் காம்போடு வெட்டுங்கள். காம்பு ஒடிந்த காய் அந்த இடத்திலேயே அழுகத் தொடங்கும்.

கடைசிக் காய் வந்ததும், மே மழைக்குக் காத்திராமல் கொடியை வேரோடு எடுத்துவிடுங்கள். மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, இரண்டு வாரம் வெயிலில் விடுங்கள். ஈயின் கூட்டுப்புழுக்கள் அங்கேதான் இருக்கும். மைனாவும் செண்பகமும் வந்து பொறுக்கினால் துரத்தாதீர்கள். அதே குழியில் அடுத்ததாகப் பாகல், புடோல், பீர்க்கு வேண்டாம். அதே ஈக்கும் அதே வண்டுக்கும் அவை உணவு. பயற்றங்காயோ கீரையோ போடுங்கள்.